தோர்கில் அனுமதித்த ஒரு பக்கம்

தோர்கிலுக்கு எங்கள் தீவில் கத்தரிக்கோல் என்று பெயர். முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள், அவரும் கோபித்துக்கொள்ளமாட்டார். கோபித்துக்கொள்ளவும் தெம்பு வேண்டுமே! முப்பத்தெட்டு வருஷம் தொலைபேசிக் கம்பங்களில் ஏறி இறங்கிய முழங்கால்கள். வயது அறுபத்தேழு. செவ்வாய்க்கிழமை காலை எதிர்காற்றில் சைக்கிளை மிதித்துக் காப்பகத்துக்கு வந்து சேர்வதற்குள் அன்றைய தெம்பில் பாதி தீர்ந்துவிடும். மீதியைக் கணினி தின்றுவிடும்.

காப்பகம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். பிள்ளைகள் இல்லாமல் மூடிப்போன எங்கள் பள்ளிக்கூடத்தின் இரண்டாம் வகுப்பு அறை, அவ்வளவுதான். கரும்பலகைகூட அப்படியே இருக்கிறது. வாரத்தில் ஒரு காலைப்பொழுது ஓய்வுபெற்றவர்கள் நான்கைந்து பேர் கூடுவார்கள், யாராவது ஒருவர் ரொட்டியும் வெண்ணெயும் கொண்டுவருவார். காபி குடித்த நேரம் போக மீதி நேரத்தில் எங்கள் ஹைரோ தீவின் பழைய கடிதங்கள், திருமணப் படங்கள், படகுச் சங்கத்து நோட்டுகள் எல்லாம் பெட்டிகளுக்குள் போகும். தலைவி டாக்னி. எழுபத்தேழு வயது. வெள்ளைக் கையுறை போடாமல் ஒரு காகிதத்தைத் தொட்டால் கண்ணாலேயே கையைத் தட்டிவிடுவாள். கரும்பலகையில் அவள் கையெழுத்தில் ஒரே ஒரு விதி இருக்கிறது: "எடுத்ததை எடுத்த இடத்தில், அதே பெயரில், அன்றே திருப்பி வை." இருபது வருஷமாக யாரும் அதை அழித்ததில்லை, மீறியதும் இல்லை.

தோர்கில் ஓய்வுபெற்ற மறு மாதமே டாக்னி அவரைப் பிடித்துவிட்டாள். தீவில் இப்போது யாரும் எதையும் காகிதத்தில் எழுதுவதில்லை, படகு நேரம் முதல் பந்தாட்டக் குழுவின் சண்டை வரை எல்லாம் இணையத்தில்தான், கடை மூடினால் அதன் பக்கமும் மறைந்துபோகிறது, நீ கம்பி வேலை பார்த்தவன், இது உன் பொறுப்பு என்றாள். தொலைபேசிக் கம்பிக்கும் இணையப் பக்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டிருக்கலாம். கேட்காமல் தலையாட்டியதுதான் அவர் செய்த தப்பு.

முதல் வருஷம் வேலை சுலபமாகத்தான் தெரிந்தது. பக்கத்தைத் திற, சேமி, அடுத்தது. அந்த வருஷக் கோடை விழாவில் ஊர் மண்டபத்துப் பெரிய திரையில், மூடிப்போன பள்ளியின் பக்கத்தைத் திறந்து காட்டினார். பழைய ஆசிரியைகள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளைகளின் படம் வந்தது, எல்லோரும் ஆ என்றார்கள். மூன்று விநாடி போயிருக்கும். பக்கம் தானாகவே மாறி, உள்ளாடை விளம்பரம் ஒன்று திரை முழுக்க வந்து நின்றது. அடுத்தது சூதாட்டம். பாதிரியார் நாகரிகமாக மேற்கூரையைப் பார்க்க ஆரம்பித்தார். தோர்கில் மவுஸை எந்தப் பக்கம் நகர்த்தினாலும் ஒன்று போய் ஒன்று வந்தது. கடைசியில் பிளக்கையே பிடுங்கினார். அந்தச் சிரிப்பு அடங்க இரண்டு வருஷம் ஆயிற்று.

அன்றைக்குத்தான் அவருக்கு ஒன்று புரிந்தது. சேமித்த பக்கம் என்பது புகைப்படம் அல்ல. அதற்குள் வேலையாட்கள் தூங்கிக்கொண்டிருக்கிறார்கள். பக்கத்தைத் திறந்தால் எழுந்துகொண்டு, கம்பி வழியாகத் தங்கள் பழைய முதலாளியைத் தேடிப் போய், என்ன செய்யட்டும் என்று கேட்கிறார்கள். பழைய முதலாளி கடையை மூடிவிட்டுப் போய் வெகுநாளாகியிருக்கும். அந்த நாற்காலியில் வேறு எவனோ உட்கார்ந்துகொண்டு பதில் சொல்கிறான். இவர்களும் அவன் சொன்னதை நம் கணினியில் செய்துவைக்கிறார்கள்.

அதன் பிறகு தோர்கில் ஒருவரையும் நம்பவில்லை. காப்பகக் கணினியின் இணையக் கேபிளைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "கேபிள் ஆணியில் இருந்தால் மட்டும் திற" என்று ஒரு சீட்டை ஒட்டினார். சேமித்த பக்கம் எதைத் திறந்தாலும் அந்தப் பழைய கணினியில் மேலே ஒரு மஞ்சள் பட்டை வரும்: இந்தப் பக்கம் உங்கள் கணினியில் சிலவற்றை இயக்க விரும்புகிறது, அனுமதிக்கலாமா? தோர்கில் ஒரு தடவைகூட அனுமதி என்று அழுத்தியதில்லை. ஒவ்வொரு பக்கத்தையும் வெறும் எழுத்தாகப் பிரித்து, ஓடக்கூடிய வரிகளைக் கையாலேயே தேடித் தேடி வெட்டி எறிந்தார். படிக்கிற எழுத்து மட்டும் மிஞ்சும். கத்தரிக்கோல் என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

வெட்ட வெட்டத் தீராத வேலை அது. யாரும் நன்றி சொல்கிற வேலையும் அல்ல. ஒரு பக்கம் ஒழுங்காகத் திறந்தால் அதில் பேச என்ன இருக்கிறது? மாலையில் கண் எரியும். இந்தத் தீவில் இருப்பதே முந்நூறு பேர், இதையெல்லாம் யார் வந்து படிக்கப்போகிறார்கள் என்று தோன்றும். அப்படித் தோன்றிய பிறகும் அடுத்த பக்கத்தைத் திறப்பார்.

அதில் நாலாயிரம் பக்கம் ஒரே ஆளுடையது. டாக்னியின் புருஷன் ஹோல்கர். படகில் துணை மாலுமியாக இருந்து ஓய்வுபெற்றவர். பதினோரு வருஷம், ஒரு நாள் விடாமல், தோட்டத்தில் காற்றை அளந்து இணையத்தில் நாலு வரி எழுதினார். காற்று, கடல், படகு, பறவை. அதற்கு மேல் ஐந்தாவது வரி கிடையாது. நேரிலும் அப்படித்தான், நாலு வார்த்தைக்கு மேல் அவர் பேசி யாரும் கேட்டதில்லை. எழுபது வயதில் நூலகத்துப் புத்தகத்தைப் பார்த்துத் தானே கற்றுக்கொண்டு, அன்றைய காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் திரும்பி நிற்கிற ஒரு சின்ன அம்பைப் பக்கத்தின் மூலையில் வைத்தார். வாழ்நாளில் அவர் பெருமையடித்துக்கொண்டது அந்த அம்பைப் பற்றி மட்டும்தான். நாலு வருஷத்துக்கு முன் நவம்பர் பதினான்காம் தேதி நாலு வரி எழுதினார். மறுநாள் காலை காற்றளக்கும் கருவியைப் பார்க்கக் கிளம்பி, பூட்ஸ் கயிற்றைக் கட்டும்போதே போய்விட்டார்.

அந்தப் பக்கங்களை வைத்திருந்த நிறுவனமும் அடுத்த வசந்தத்தில் மூடுகிறோம் என்று அறிவித்தது. தோர்கில் எல்லாவற்றையும் சேமித்து, இரண்டு குளிர்காலம் உட்கார்ந்து வெட்டினார். நிறுவனம் ஒவ்வொரு பக்கத்திலும் தன் ஆள் ஒருவனை ஒளித்து வைத்திருந்தது. அவனை வெட்டும்போது ஹோல்கரின் அம்பையும் ஓட்டுகிற வரிகள் கூடவே போயின. இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன, பிரிக்கப் பொறுமை இல்லை. வெட்டிய பக்கம் ஒவ்வொன்றிலும் அம்பு நேர் மேலே பார்த்து அசையாமல் நின்றுவிட்டது.

டாக்னி அதைப் பார்த்துவிட்டு, "என்ன தோர்கில், என் புருஷன் டயரியில பதினோரு வருஷமும் வடக்குக் காத்துதான் அடிச்சுதா?" என்றாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, இன்னும் வெட்டாத கடைசி நாள் பக்கத்திலாவது அம்பை விட்டுவைக்க முடியுமா என்றாள். தனக்கென்று அது ஒன்றைத்தான் அவள் அவரிடம் வாழ்நாளில் கேட்டிருக்கிறாள். தோர்கில் சரி என்றார். அந்த ஒரு பக்கத்தை மட்டும் ஒரு மத்தியானம் உட்கார்ந்து பிரிக்கலாம், நிறுவனத்து ஆளை வெளியே தள்ளி அம்பை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தார். அந்த மத்தியானம் வரவேயில்லை. இன்றைக்கு முழங்கால் வலி, நாளைக்குக் கண் எரிச்சல். கேபிள் ஆணியில்தானே தொங்குகிறது, என்ன ஆகிவிடப்போகிறது என்று விட்டுவிட்டார். ஒரு வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது.

இன்னொரு விஷயமும் உண்டு, தோர்கில் யாரிடமும் சொல்லாதது. டாக்னியின் எழுபத்தைந்தாவது பிறந்தநாளுக்கு ஊரே மண்டபத்தில் கூடியது. வழக்கம்போல ஒவ்வொருவரும் எழுந்து இரண்டு வார்த்தை பேச வேண்டும். ஹோல்கர் தன் டயரியில் பெண்டாட்டியைப் பற்றி எழுதியதை வாசித்துக்காட்டினால் அழகாக இருக்குமே என்று தோர்கிலுக்குத் தோன்றியது. நாலாயிரம் பக்கத்திலும் டாக்னி என்ற பெயரைத் தேடவிட்டார். கணினி யோசித்துவிட்டு, ஒன்றும் இல்லை என்றது. மனைவி என்று தேடினார், வீடு என்று தேடினார், காபி என்றுகூடத் தேடினார். இல்லை. அன்று இரவு விருந்தில் எழுந்து, காப்பகத்தின் கூரை ஒழுகியபோது டாக்னி வாளி பிடித்த கதையைச் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள்.

இந்த நவம்பர் பதினான்கு ஒரு வியாழக்கிழமை. டாக்னி தன் சாவியைப் போட்டுக் காப்பகத்தைத் திறந்து, தனியாக வந்து கணினியின் முன் உட்கார்ந்தாள். முந்தின நாள் பிர்த்தே, அவளும் எங்கள் செவ்வாய்க்கிழமைக் கூட்டம்தான், வெந்நீர்க் குழாய் பழுதென்று நகராட்சிக்கு மின்னஞ்சல் அனுப்பக் கேபிளைச் சொருகியவள், கழற்ற மறந்து போயிருந்தாள். டாக்னி ஆணியைப் பார்க்கவில்லை. ஹோல்கரின் கடைசிப் பக்கத்தைத் திறந்தாள். மஞ்சள் பட்டை வந்தது. அம்பு ஓட வேண்டும் என்றால் அனுமதி கொடுக்கத்தானே வேண்டும்? கொடுத்தாள். அம்பு மெதுவாகத் திரும்பித் தென்மேற்கில் நின்றது. நாலு வரியையும் படித்தாள். அந்த நேரம் பார்த்து அலமாரிக்குப் பக்கத்தில் தொலைபேசி அடித்தது, எழுந்து போனாள். மகள் கோபன்ஹேகனிலிருந்து பேசினாள்.

திரும்பி வந்து பார்த்தால் நாலு வரியும் இல்லை. இந்தச் சேவை நிறைவடைந்தது, இதுவரை எங்களோடு இருந்ததற்கு நன்றி என்று ஒரு வாசகம், கீழே பல் கட்டும் விளம்பரம். ஏதோ தன் கண்தான் தப்பாகப் பார்க்கிறது, செவ்வாய்க்கிழமை தோர்கிலைக் கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தாள். நினைத்துவிட்டு, இருபது வருஷமாக ஒவ்வொரு காகிதத்துக்கும் செய்ததை இதற்கும் செய்தாள். எடுத்ததை எடுத்த இடத்தில், அதே பெயரில், அன்றே திருப்பி வைத்தாள். முன்பிருந்ததை மாற்றட்டுமா என்று கணினி கேட்டது. ஆம் என்றாள்.

எங்கள் காப்பகத்து ஆட்களைத் தவிர உலகத்தில் வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்கமாட்டார்கள். மற்றவர்கள் பார்த்துவிட்டு மூடிவிட்டுப் போவார்கள். ஒழுக்கமான மனுஷிக்குத்தான் இது நேரும்.

மறுநாள் வெள்ளிக்கிழமை தோர்கில் வந்தார். வாராவாரம் செய்வதுபோல, காப்பகக் கணினியில் உள்ளதையெல்லாம் தனி வட்டில் மேலெழுதிப் பிரதி எடுத்தார். ஒரு காலத்தில் இரண்டு வட்டுகளில் மாற்றி மாற்றி எடுப்பார். ஒன்று வசந்தத்தில் மேஜையிலிருந்து விழுந்து உடைந்துவிட்டது, புதியது வாங்க நகராட்சிக்கு எழுதிப் போட்டுவிட்டுச் சும்மா இருந்துவிட்டார். போகும்போது கேபிள் சொருகியிருப்பதைப் பார்த்தார். பிர்த்தே வேலையாகத்தான் இருக்கும் என்று அவளை மனதுக்குள் திட்டியபடி அதைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்.

செவ்வாய்க்கிழமை காபிக்கு முன்னாலேயே டாக்னி அவரிடம் வந்தாள். ஹோல்கரின் பக்கம் என்னவோ மாதிரி தெரிகிறது, கொஞ்சம் சரிபண்ணிக் கொடு என்றாள். குரலில் பதற்றம் எதுவும் இல்லை, தோர்கில் எதையும் சரிபண்ணிவிடுவார் என்று அவளுக்கு நம்பிக்கை. தோர்கில் திறந்து பார்த்தார். வட்டை எடுத்துச் சொருகி அதிலும் பார்த்தார். வீட்டுக்குப் போய், இணையத்தில் பழைய பக்கங்களைச் சேர்த்துவைக்கிற இடங்களில் அன்று மாலை முழுக்கத் தேடினார். ஹோல்கரின் பக்கத்தைப் படித்தவர்கள் மொத்தம் ஏழெட்டுப் பேர், அதைப் போய் யார் சேர்த்துவைப்பார்கள்? பக்கத்தோடு சேர்ந்த கோப்புறையில் அம்பை ஓட்டுகிற கோப்பு மட்டும் தப்பியிருந்தது. எழுத்து போய்விட்டது.

அந்த வாரம் தோர்கில் சரியாகத் தூங்கவில்லை. நாலாயிரம் பக்கத்தை வெட்டிக் காப்பாற்றியவர், வெட்டாமல் விட்ட ஒரே பக்கம் அது. அதுவும் அன்பால் விட்டது என்று சொல்லிக்கொள்ளக்கூட வழியில்லை. பாதி அன்பு, பாதி அலுப்பு. அலுப்புதான் அதிகம் என்பது அவருக்கே தெரியும். முதல் தடவையாக, இந்த வேலையை யாரிடமாவது கொடுத்துவிட்டு ஒழிந்தால் போதும் என்று தீர்மானமாக நினைத்தார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மற்றவர்கள் கிளம்பிப் போன பிறகு டாக்னியை உட்காரவைத்துச் சொன்னார். கேபிள், நிறுவனத்து ஆள், வெள்ளிக்கிழமைப் பிரதி, எல்லாவற்றையும் சொன்னார். பிர்த்தேவின் பெயரை மட்டும் விட்டுவிட்டார். டாக்னி கரும்பலகையைப் பார்த்தபடி கேட்டாள்.

"அப்போ நான்தான் அழிச்சேன்," என்றாள்.

"நீ திருப்பித்தான் வச்ச. நான்தான் கதவைச் சாத்தாம போட்டேன். ஒரு மத்தியானம் உட்கார்ந்திருந்தா முடிஞ்சிருக்கும் டாக்னி. உட்காரலை."

அவள் அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது. வெள்ளைக் கையுறையைக் கழற்றி மடியில் வைத்து, விரல் விரலாக நீவிக்கொண்டே இருந்தாள். பிறகு, "எனக்கு மனப்பாடம். நான் சொல்றேன், எழுது," என்றாள்.

தோர்கில் வெறும் பக்கம் ஒன்றைத் திறந்தார். தப்பிய அம்பை அதன் மூலையில் வைத்தார். அவள் சொன்னாள், அவர் இரண்டு விரலால் தட்டினார். காற்று தென்மேற்கு, விநாடிக்கு ஆறு மீட்டர். கடல் ஒன்பது டிகிரி. காலைப் படகு பத்து நிமிடம் தாமதம். தெற்குத் துறையில் வாத்துகள், நாற்பதுக்கு மேல். நாலு வரியும் முடிந்தன. ஹோல்கரேதான், சந்தேகமே இல்லை. தோர்கில் சேமிக்கப் போனார்.

"இரு, இன்னும் இருக்கு," என்றாள் டாக்னி. ஜன்னல் பக்கம் பார்த்தபடி, முன்பைவிட மெதுவாகச் சொன்னாள்: "டாக்னி ஜன்னலைத் தட்டுகிறாள். காபி. உள்ளே போகிறேன்."

தோர்கிலின் விரல்கள் விசைப்பலகைக்கு மேலே நின்றன. காப்பகத்தில் பொய் நுழையக்கூடாது. டாக்னியே அவருக்குக் கற்றுக்கொடுத்தது அது. ஒரு தேதி தெரியவில்லை என்றால், தெரியவில்லை என்றுதான் எழுதவேண்டும், உத்தேசமாகக்கூடப் போடக்கூடாது என்று பிர்த்தேவை அழவைத்தவள் அவள். பதினோரு வருஷத்தில் ஐந்தாவது வரி கிடையாது, டாக்னி என்ற பெயர் கிடையாது. அவருக்குத் தெரியும். அவர் தேடிப் பார்த்தவர்.

"ஏன் நிறுத்திட்ட?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. எழுத்து எங்கேன்னு தேடினேன்."

"என் பிறந்தநாளுக்கும் என்னமோ தேடினியாமே. பிர்த்தே பார்த்துட்டுச் சொன்னா. கிடைச்சுதா?"

"மெஷின் மெதுவா இருந்துச்சு," என்றார் தோர்கில். "பாதியில விட்டுட்டேன்."

டாக்னி தலையசைத்தாள்.

"நான் தட்டினேன் தோர்கில்," என்றாள். "அன்னிக்கு நான் தட்டினேன். அவர் திரும்பிப் பார்த்தார், உள்ள வந்தார். அது நடந்தது."

தோர்கில் ஐந்தாவது வரியைத் தட்டினார். கடைசியில் ஒரு முற்றுப்புள்ளி வைத்தார். அதற்குக் கீழே, காப்பகத்தின் ஒவ்வொரு காகிதத்துக்கும் எழுதுவதுபோல, இது யாரிடமிருந்து வந்தது என்று எழுதினார்: "டாக்னி சொல்ல, தோர்கில் எழுதியது." இதில் பொய் எதுவும் இல்லை. டாக்னி கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதைப் படித்தாள். சரி என்றாள்.

அவர் பக்கத்தைச் சேமித்து மூடினார். கேபிள் ஆணியில் தொங்குகிறதா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டார். மறுபடியும் திறந்தார். மேலே மஞ்சள் பட்டை வந்தது. இந்தப் பக்கம் உங்கள் கணினியில் சிலவற்றை இயக்க விரும்புகிறது, அனுமதிக்கலாமா?

தோர்கில் மவுஸை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் கையை மடியிலிருந்து எடுக்கவில்லை.

"நீயே அழுத்து," என்றாள். "நான் தொட்டது போதும்."

அவர் அனுமதி என்று அழுத்தினார். அம்பு ஒரு கணம் வடக்கில் நின்றது, பிறகு மெதுவாகத் திரும்பித் தென்மேற்கில் வந்து நின்றது. எழுத்து ஐந்து வரியும் அப்படியே இருந்தன. இரண்டு பேரும் அரை நிமிஷம், ஒரு நிமிஷம் என்று காத்திருந்து பார்த்தார்கள், எதுவும் மறையவில்லை. டாக்னி எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டாள். கதவுவரை போனவள், நாளைக்குப் பிரதி எடுக்கும்போது இதையும் சேர்த்து எடு என்றாள். வெள்ளிக்கிழமைதான் பிரதி எடுப்பேன் என்று தோர்கில் சொல்லவில்லை. அப்போதே வட்டை எடுத்துச் சொருகினார்.